வளம் குன்றிய நிலத்தில் மக்காச்சோளம்: உர அளவை யார் சொல்வது?

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் இன்று முக்கியமான பணப்பயிர். நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கும் தீவன ஆலைகளுக்கும் இது வேண்டியிருப்பதால் சந்தைக்குப் பஞ்சமில்லை. பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் ஒரு காலத்தில் சோளமும் கம்பும் பருத்தியும் விளைந்த மானாவாரிக் காடுகள் பலவற்றில் இப்போது வீரிய ஒட்டு மக்காச்சோளம் நிற்கிறது. சோளமும் கம்பும் கிடைத்ததைத் தின்று விளையும் பயிர்கள். மக்காச்சோளம் அப்படியல்ல, கேட்டு வாங்கித் தின்னும் பயிர். ஒரு டன் தானியம் விளைய அது ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ வரை தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக் கொள்கிறது.

எனவே, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம்?" என்ற கேள்வியை ஒவ்வொரு புரட்டாசியிலும் விவசாயி கேட்கிறார். பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு கணக்குச் சொல்கிறார். உரக்கடையில் வேறு கணக்கு. கையேட்டில் மூன்றாவது கணக்கு. எதை நம்புவது? நல்ல நிலமும் கிணற்றுப் பாசனமும் உள்ளவர் எதை நம்பினாலும் பெரிய நட்டம் வந்து விடாது. சரளை கலந்த செம்மண்ணில், ஒரே பருவமழையை நம்பி, கடன் வாங்கி விதை வாங்கியவருக்கோ இந்தக் கேள்வியில் தவறினால் ஓர் ஆண்டு உழைப்பே போய்விடும்.

வளம் குன்றிய நிலத்துக்கு ஏற்ற உர அளவை வெளியிலிருந்து எவரும் முழுமையாகச் சொல்லி விட முடியாது. மண் பரிசோதனை வழி காட்டும். விடை அந்தக் காட்டிலேயேதான் கிடைக்கும். அதைக் கண்டறிய பெரிய படிப்பு தேவையில்லை. ஏழெட்டு சென்டு நிலமும், ஒரு தராசும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். இந்த வழக்கத்தை ஊர்தோறும் கொண்டு வர வேண்டிய பொறுப்பு வேளாண்மைத் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு.

ஒரே பயிர், நான்கு மடங்கு வேறுபாடு

இறவையில் பயிரிடும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாட்டில் உள்ள பொதுப் பரிந்துரை, எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 250:75:75 கிலோ. ஏக்கர் கணக்கில் 100:30:30 கிலோ. மானாவாரிச் செம்மண் நிலத்துக்கு எக்டருக்கு 60:30:30 கிலோதான்; ஏக்கருக்கு 24:12:12. மானாவாரிக் கரிசலுக்கு எக்டருக்கு 40:20 கிலோ. சாம்பல் சத்து தேவையில்லை.

இதை மூட்டைக் கணக்கில் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். இறவைக் கணக்கின்படி ஏக்கருக்கு டி.ஏ.பி. 65 கிலோவும் யூரியா நான்கு மூட்டைக்கு மேலும் வேண்டும். மானாவாரிச் செம்மண் கணக்கின்படி டி.ஏ.பி. 26 கிலோவும் யூரியா 42 கிலோவும் போதும். யூரியாவில் 45 கிலோ மூட்டை ஒன்று கூட முழுதாகத் தீராது. விதைப் பை ஒன்றேதான். ஆனால் உரத்தில் நான்கு மடங்கு வேறுபாடு.

கடையிலும் பேச்சிலும் புழங்குவது பெரும்பாலும் இறவைக் கணக்குதான். வீரிய ஒட்டு விதை என்றால் வீரியமான உரம் என்ற எண்ணம் ஊன்றி விட்டது. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. எந்த ஆற்றுக்கு எந்த அளவு என்பதுதான் இங்கே மறந்து போகிறது.

மெலிந்த மண் எல்லாம் ஒன்றல்ல

மண் மெலிந்திருக்கிறது, ஆகவே உரத்தைக் கூட்டிப் போட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. இதில் பாதிதான் உண்மை. பட்டினி கிடந்தவனுக்கு உடனே விருந்து போட்டால் செரிக்காது. மண்ணும் அப்படித்தான். அது எந்த வகையில் மெலிந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதல் வகை, சத்து மட்டும் குறைந்த மண். ஆழமும் ஈரப்பிடிப்பும் இருக்கும்; ஆண்டுக்கணக்கில் எடுத்ததைத் திருப்பித் தராததால் சத்து தீர்ந்திருக்கும். இத்தகைய மண் உரத்துக்கு நன்றாகப் பதில் சொல்லும். இங்கே உரத்தைக் குறைப்பது கஞ்சத்தனம். நிலத்தையும் மேலும் கெடுக்கும்.

இரண்டாவது வகை, சத்தைப் பிடித்து வைக்கும் சக்தியே இல்லாத மண். மணலும் சரளையும் மிகுந்து, மக்கு குறைந்த செம்மண் இது. ஒரே நேரத்தில் கொட்டிய யூரியா ஒரு கனமழையில் வேருக்குக் கீழே இறங்கி விடும். பிறகு அது பயிருக்கு உதவாது. கிணற்று நீரில் நைட்ரேட்டாகச் சேரவும் கூடும். தானியப் பயிர்களில் இட்ட தழைச்சத்தில் பாதியைக் கூடப் பயிர் எடுத்துக் கொள்ளாமல் போவது சாதாரணம். இந்த மண்ணில் இழப்பு இன்னும் அதிகம்.

மூன்றாவது வகை, வேறு ஏதோ ஒரு குறையால் முடங்கிக் கிடக்கும் மண். துத்தநாகக் குறை, களர்த்தன்மை, ஒரு அடிக்குக் கீழே பாறை, மழைக்குப் பின் மேலே இறுகிப் போகும் ஏடு ஆகியவற்றில் ஒன்று தடையாக நிற்கும். அந்தத் தடை நீங்காத வரை யூரியாவைக் கூட்டினாலும் குறைத்தாலும் விளைச்சலில் பெரிய மாற்றம் இருக்காது. எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலை முடிவு செய்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியல் அறிஞர் லீபிக் பரப்பிய விதி இன்றும் பொய்த்துப் போகவில்லை.

ஒரே விவசாயியின் நிலத்திலேயே இந்த வேறுபாடுகள் இருப்பதுண்டு. வீட்டை ஒட்டிய கொல்லைக்குக் குப்பையும் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் போய்க் கொண்டே இருக்கின்றன. தூரத்துக் காட்டுக்கு ஒரு வண்டி எரு போய்ச் சேர்வது அரிது. மக்காச்சோளமே அன்றாட உணவான ஆப்பிரிக்க நாடான ஜிம்பாப்வேயில் இதே நிலையை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே வீட்டருகு நிலத்தில் உரத்துக்கு நல்ல பலன் கிடைத்தது. தூரத்து மணற்பாங்கான நிலத்தில், சில ஆண்டுகள் தொடர்ந்து தொழு உரம் இட்ட பிறகே செயற்கை உரத்துக்குப் பயிர் ஒழுங்காகப் பதில் சொன்னது. கொல்லைக்கும் காட்டுக்கும் ஒரே அளவு சொல்வது இரண்டுக்குமே பொருந்தாது என்பதுதான் இதன் பாடம்.

மண் பரிசோதனை எதைச் சொல்லும்?

மண் பரிசோதனை அவசியம். அதே நேரத்தில் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்து கொள்வதும் அவசியம்.

மண் வள அட்டைத் திட்டம் 2015ல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் அதில் மாதிரி எடுக்க வகுத்த முறையில், பாசன நிலத்தில் இரண்டரை எக்டருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 எக்டருக்கு ஒரு மாதிரி. 10 எக்டர் என்பது 25 ஏக்கர். அதில் பத்துப் பேர் நிலம் இருக்கலாம். மேடும் பள்ளமும், கொல்லையும் சரளைக் காடும் இருக்கலாம். கையிலுள்ள அட்டை தன் காட்டைத்தான் சொல்கிறதா என்ற கேள்வி மானாவாரி விவசாயிக்கு எழ வேண்டும். சந்தேகம் இருந்தால் தாமே மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுப்பது நல்லது.

நிலத்தின் நிறம், சரிவு, விளைச்சல் ஆகியவற்றைப் பார்த்து வேறுபட்ட பகுதிகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் 15 முதல் 20 இடங்களில், மேலேயுள்ள குப்பையை விலக்கி, அரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அதன் பக்கவாட்டில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எருக்குவியல் இருந்த இடம், வரப்போரம், மரநிழல் ஆகியவை கூடாது. எல்லாவற்றையும் கலந்து, காற்பங்கு முறையில் குறைத்து, அரை கிலோ அனுப்பினால் போதும்.

முடிவு வந்ததும் மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் முதலில் பார்க்க வேண்டும். பயிருக்குக் கிடைக்கக் கூடிய மணிச்சத்து எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு. 22க்கு மேல் இருந்தால் அதிகம். சாம்பல் சத்து 118க்குக் கீழே குறைவு. 280க்கு மேல் அதிகம். இந்த இரண்டிலும் பரிசோதனையை நம்பலாம். துத்தநாகம் குறைவென்று வந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து இட வேண்டும். மணிச்சத்து உரத்துடன் கலக்கக் கூடாது.

தழைச்சத்து மட்டும் தனிக்கதை. எக்டருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று அட்டை சொல்லும். மக்கு குறைந்த நம் மண்ணில் ஏறக்குறைய எல்லா மாதிரிகளும் இந்தக் குறைவில்தான் வந்து விழுகின்றன. எல்லாருக்கும் குறைவு என்றால், யாருக்கு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? 1967-68ல் டாக்டர் ராமமூர்த்தியின் வழிகாட்டுதலில் தொடங்கிய அகில இந்திய மண் பரிசோதனை, பயிர் விளைவு ஆராய்ச்சித் திட்டம் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடியது. மண்ணில் உள்ள சத்து, இடும் தொழு உரம், எதிர்பார்க்கும் விளைச்சல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் வாய்பாடுகள் அதிலிருந்து கிடைத்தன. கோவை மையமும் பல பயிர்களுக்கு இவற்றை வகுத்துள்ளது. நீர் உறுதியாக உள்ள இடத்தில் அவை நன்கு உதவும். எதிர்பார்க்கும் விளைச்சலையே வானம் முடிவு செய்யும் மானாவாரிக் காட்டில் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

ஐந்து பாத்திகள் போதும்

1909ல் ஜெர்மனியில் மிட்செர்லிக் என்ற அறிஞர், உரத்தைப் படிப்படியாகக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் கூடுதல் விளைச்சல் குறைந்து கொண்டே போகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அதே 1909ல் கோவையில் நிரந்தர உரப் பரிசோதனை தொடங்கியது. உரமே இடாத பாத்திக்குப் பக்கத்தில் உரமிட்ட பாத்தியை வைத்து ஒப்பிடுவதே அதன் அடிப்படை. கோவையிலேயே 1972ல் தொடங்கிய நீண்டகால உரப் பரிசோதனையில் கேழ்வரகை அடுத்து மக்காச்சோளம் பயிராகிறது. தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்திகள் பின்தங்கின. மூன்று சத்துகளோடு தொழு உரமும் பெற்றவை முன்னணியில் நின்றன.

ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாகச் செய்வதை விவசாயி தன் காட்டில் சிறிய அளவில் செய்யலாம். முறை மிக எளிது. வரிசைக்கு வரிசை இரண்டு அடி. எட்டு வரிசை, நாற்பது அடி நீளம் கொண்டது ஒரு பாத்தி. இப்படி ஐந்து பாத்திகள். மொத்தம் ஏழரை சென்டுக்குள் அடங்கி விடும். அறுவடையில் ஓர வரிசை இரண்டையும், இரு முனைகளில் இரண்டிரண்டு அடியையும் விட்டுவிட வேண்டும். உள்ளே மிஞ்சும் ஆறு வரிசை, 36 அடி நீளம் ஏறத்தாழ சரியாக ஒரு சென்டு. அதில் கிடைக்கும் கிலோவை நூறால் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல்.

மானாவாரிச் செம்மண்ணுக்கு ஒவ்வொரு பாத்திக்கும் உரம் வருமாறு:

முதல் பாத்தி: மணி, சாம்பல் சத்துகள் மட்டும், யூரியா இல்லை.
இரண்டாம் பாத்தி: பாதித் தழைச்சத்து. யூரியா 385 கிராம்.
மூன்றாம் பாத்தி: பரிந்துரைத்த முழுத் தழைச்சத்து. யூரியா 770 கிராம்.
நான்காம் பாத்தி: ஒன்றரை மடங்கு. யூரியா 1,150 கிராம்.
ஐந்தாம் பாத்தி: முழுத் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் உண்டு, மணிச்சத்து இல்லை.

முதல் நான்கு பாத்திகளுக்கும் சூப்பர் பாஸ்பேட் 1,100 கிராம் வீதம் அடியுரம். பொட்டாஷ் 300 கிராம் வீதம் ஐந்துக்கும் உண்டு. தொழு உரம், விதை, களை எடுப்பு, பூச்சிக் கட்டுப்பாடு எல்லாம் ஐந்துக்கும் ஒன்று போலவே இருக்க வேண்டும். யூரியாவை ஒரே முறையில் கொட்டாமல் விதைக்கும்போதும், 25ஆம் நாளும், 45ஆம் நாளும் பிரித்து இட வேண்டும். பாத்திகளைக் காட்டின் நல்ல மூலையில் போட்டு மகிழ்ந்து கொள்ளக் கூடாது. காட்டின் பெரும்பகுதி எப்படி இருக்கிறதோ அந்த இடத்தில் போட வேண்டும். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என இரண்டு தொகுதி போட்டால் முடிவை இன்னும் உறுதியாக நம்பலாம்.

தராசு சொல்லும் பாடம்

கதிர்களைப் பாத்தி வாரியாகத் தனிச் சாக்கில் கட்டி, ஒரே களத்தில் ஒன்று போலக் காயவைத்து, மணி உதிர்த்து நிறுக்க வேண்டும். கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. முதல் நான்கு பாத்திகளில் சென்டுக்கு முறையே 7, 10, 12, 12.5 கிலோவும், மணிச்சத்து இல்லாத ஐந்தாவதில் 8.5 கிலோவும் கிடைத்ததாக வைத்துக் கொள்வோம்.

ஏக்கருக்கு முதல் 12 கிலோ தழைச்சத்து 300 கிலோ மக்காச்சோளத்தைக் கூட்டியது. அடுத்த 12 கிலோ 200 கிலோவைக் கூட்டியது. மூன்றாவது 12 கிலோவுக்குக் கிடைத்தது 50 கிலோதான். அதாவது சென்டுக்கு அரை கிலோ. நான்கைந்து நல்ல கதிர்களில் இந்த வேறுபாடு வந்து விடும். கிளி கொத்தினாலும் போய் விடும். இதை நம்பி உரத்தைக் கூட்ட முடியாது. ஏக்கருக்கு 24 கிலோ அளவிலேயே நின்று கொள்வது புத்திசாலித்தனம்.

இதை விட முக்கியமான பாடம் ஐந்தாம் பாத்தியில் இருக்கிறது. மூன்றாவதற்கும் அதற்கும் வித்தியாசம் மணிச்சத்து மட்டுமே. அது இல்லாததால் ஏக்கருக்கு 350 கிலோ குறைந்தது. அந்தக் காட்டில் பணம் போக வேண்டிய இடம் யூரியா அல்ல, மணிச்சத்து. மாறாக, ஐந்தாம் பாத்தியும் மூன்றாவதும் ஒரே எடை காட்டினால், அந்த மண்ணில் மணிச்சத்து போதுமான அளவு சேர்ந்திருக்கிறது. சில பருவங்களுக்கு அதைக் குறைத்துக் கொள்ளலாம்.

ஐந்து பாத்திகளும் சொல்லி வைத்தாற்போல் ஆறு கிலோ, ஆறரை கிலோ என்று நின்றால்? உரத்தை மேலும் கூட்டுவது தவறு. உரம் வேலை செய்ய முடியாதபடி வேறு ஏதோ தடுக்கிறது. மழை தவறியதா என்று முதலில் பார்க்க வேண்டும். மழை நன்றாக இருந்தும் இப்படி என்றால் துத்தநாகம், மண்ணின் ஆழம், களர்த்தன்மை, மக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அத்தகைய காட்டுக்குத் தேவை ஏரி வண்டல், ஆட்டுக்கிடை, பயறுவகைப் பயிர். மூட்டை உரம் அதற்குப் பிறகுதான்.

மலிவு விலை தரும் மயக்கம்

2025 நிலவரப்படி 45 கிலோ யூரியா மூட்டையின் விலை மானியத்தால் 266 ரூபாய் 50 காசு. கணக்கிட்டால் ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்குள் அடங்குகிறது. டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். அதிலுள்ள தழைச்சத்தின் விலையைக் கழித்தால் ஒரு கிலோ மணிச்சத்து 50 ரூபாய்க்கு மேல் வருகிறது. மக்காச்சோளத்துக்கு 2025-26ல் மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். கிலோ 24 ரூபாய்.

இந்த விலையில் யூரியாவைக் கூட்டிப் போடுபவரைப் பார்த்து, நட்டம் என்று மட்டும் சொன்னால் அவர் ஏற்க மாட்டார். அவர் கணக்கும் தவறல்ல. ஒரு கிலோ தழைச்சத்தின் விலையை அரை கிலோவைச் சற்றே தாண்டிய மக்காச்சோளம் ஈடுகட்டி விடும். மலிவாக இருப்பதால் தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் ஆபத்து. பயிர் எதற்குப் பட்டினி கிடக்கிறது என்று பார்க்காமல், எது மலிவோ அதையே ஊட்டுகிறோம்.

அதன் விலை வேறு இடங்களில் கொடுக்கப்படுகிறது. ஆரம்பத்தில் யூரியாவால் தழைத்து வளர்ந்த பயிர், மண்ணிலுள்ள ஈரத்தை முன்கூட்டியே குடித்துத் தீர்த்து விடுகிறது. ஆண் பூவும் பட்டுநூலும் வரும் நேரத்தில் பத்து நாள் மழை இல்லையென்றால் கதிரில் மணி பிடிப்பதில்லை. தண்டு மெலிந்த பயிர் காற்றில் சாய்கிறது. மிகுதியான தழைச்சத்தோடு வறட்சியும் சேர்ந்தால் தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட் தேங்குகிறது. மழை தவறிய காட்டில் காய்ந்தது போக மிஞ்சிய பச்சைத் தட்டையை மாட்டுக்கு அறுத்துப் போடுவது வழக்கம். அத்தகைய தட்டை மாட்டின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பயிரும் போய் மாடும் போனால் அந்தக் குடும்பம் எப்படித் தலையெடுக்கும்?

வானத்தைப் பார்த்து மேலுரம்

மானாவாரியில் உர அளவு என்பது விதைக்கும் நாளில் முடிவாகிற எண் அல்ல. மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் முழுவதும் அடியுரமாக இட்டுவிடலாம். அவை எளிதில் ஓடி விடுவதில்லை. தழைச்சத்தை மட்டும் கையில் வைத்துக் கொள்ள வேண்டும். ஒரு பகுதியை விதைக்கும்போது இட்டு, 25ஆம் நாள் மண்ணில் ஈரம் இருந்தால் அடுத்த பகுதியை இட்டு மண் அணைக்க வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் தூவிய யூரியா அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். 45ஆம் நாள் வானம் ஒத்துழைத்தால் கடைசிப் பகுதி. இல்லையென்றால் மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும். நல்ல மழை ஆண்டில் சற்றுக் கூடுதலாகவும், வறண்ட ஆண்டில் குறைவாகவும் இடுவதற்கு இதுவே வழி.

பயிரின் முகத்தையும் படிக்கப் பழக வேண்டும். அடி இலைகளின் நுனியிலிருந்து நடு நரம்பு வழியே கவட்டை போல மஞ்சள் இறங்கினால் தழைச்சத்துக் குறை. அடி இலைகளின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறை. இளம் பயிர் செந்நீலம் பூத்தால் மணிச்சத்துக் குறை. இளம் இலைகளில் நடு நரம்பின் இருபுறமும் வெளிறிய பட்டை தெரிந்தால் துத்தநாகக் குறை.

தொழு உரம் ஏக்கருக்கு ஐந்து டன் என்று பரிந்துரை சொல்கிறது. மாடு குறைந்து போன ஊர்களில் இது ஏட்டோடு நின்று விடுகிறது. கிடைப்பது ஒரு டன் என்றாலும் காடு முழுவதும் இறைக்காமல் விதை விழும் சாலில் இட்டால் பலன் உண்டு. மானாவாரிக்கு ஏக்கருக்கு 300 கிலோ ஊட்டமேற்றிய தொழு உரம் இன்னொரு நல்ல முறை. பொடித்த தொழு உரத்துடன் மணிச்சத்துக்கான சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரப்படுத்தி, மூடி ஒரு மாதம் வைத்து இடுவதுதான் அது. இடையில் உளுந்தோ தட்டைப்பயறோ விதைத்தால் மண்ணுக்கும் மனிதனுக்கும் நல்லது.

துறை செய்ய வேண்டியது

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஊருக்கு ஊர், காட்டுக்குக் காடு வேறு அளவு என்றால் விவசாயி குழம்பிப் போவார். ஒரே எண் சொல்வதுதான் எளிது என்பார்கள். எளிதுதான். மருந்துக்கடையில் எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை தருவதும் எளிதுதான். பொதுப் பரிந்துரை தொடங்குமிடமாக இருக்கலாம், முடியுமிடமாகக் கூடாது. மேலும், பரிந்துரை தனக்குப் பொருந்தவில்லை என்று ஒரு முறை கண்டுகொண்ட விவசாயி, அடுத்த முறை நல்ல பரிந்துரையையும் நம்ப மாட்டார்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, கையேடுகளிலும் விதைப் பைகளோடு தரும் துண்டறிக்கைகளிலும் இறவை, மானாவாரிச் செம்மண், கரிசல் என்று உர அளவைத் தனித்தனியாக, மூட்டைக் கணக்கில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். இரண்டாவதாக, செயல் விளக்கத் திடல்கள் சாலையோரத்தில் வசதியுள்ளவரின் நல்ல நிலத்தில் மட்டும் அமைவதை நிறுத்த வேண்டும். மெலிந்த காட்டிலும் அமைக்க வேண்டும். ஒவ்வொரு திடலிலும் உரமிடாத பாத்தி ஒன்றும் பாதி உரப் பாத்தி ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். உரமிட்ட பயிரை மட்டும் காட்டுவது விளம்பரம். இடாத பயிரையும் பக்கத்தில் காட்டுவதுதான் விளக்கம். மூன்றாவதாக, மண் வள அட்டையில் மாதிரி எடுத்த இடத்தின் தன்மையையும், அது எத்தனை ஏக்கருக்கானது என்பதையும் விவசாயிக்குச் சொல்லியே தர வேண்டும்.

நான்காவதாக, வேளாண் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு மாணவர்கள் ஊரகப் பணி அனுபவத்துக்காகக் கிராமங்களுக்கு வந்து தங்குகிறார்கள். மக்காச்சோள ஊர்களில் ஒவ்வொரு குழுவும் நான்கைந்து காடுகளில் இந்த ஐந்து பாத்திகளைக் குறித்துத் தரலாம். அறுவடைக்கு அடுத்த குழுவோ உதவி வேளாண்மை அலுவலரோ வந்து நிறுக்கலாம். முடிவுகளை ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டினால், மூன்று ஆண்டில் அந்த ஊருக்கென்று ஓர் உரக் கணக்கு தானாகவே உருவாகி விடும். ஊரார் நிறுத்துப் பார்த்த கணக்கை ஊரார் நம்புவார்கள்.

விவசாயிகளும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பருவத்தின் முடிவு போதாது. நல்ல மழை ஆண்டும் மோசமான ஆண்டும் சேர்ந்து மூன்று பருவமாவது பார்க்க வேண்டும். விதைத்த நாள், மழை பெய்த நாட்கள், இட்ட உரம், கிடைத்த எடை ஆகியவற்றை நோட்டில் குறித்து வர வேண்டும். வரும் புரட்டாசிப் பட்டத்தில் ஏழரை சென்டு நிலத்தை இதற்கென்று ஒதுக்கி வைக்கும் விவசாயி, மூன்றாவது ஆண்டில் உரக்கடைக்குப் போகும்போது "எத்தனை மூட்டை போடலாம்?" என்று கேட்க மாட்டார். எத்தனை வேண்டும் என்று அவரே சொல்லி வாங்குவார்.